வளவு எவ்வளவு சின்னதாகலாம்?

கேள்வி: 9 ஆகஸ்ட் 2025

எங்கள் ஒழுங்கையில் முன்பு நாலு வீடு. இப்போது பதினொன்று. மாரியில் தண்ணீர் நின்றால் வடிய இடமில்லை, கிணற்றில் வாடை அடிக்கிறது. மட்டக்களப்பில் நாவற்குடா, கல்லடி, ஊறணி என்று எங்கே போனாலும் இதே கதைதான். புதிதாகத் தெரிவான உள்ளூராட்சி சபைகள் வேறொன்றும் செய்யத் தேவையில்லை. பத்துப் பேர்ச்சுக்குக் குறைந்த துண்டில் வீடு கட்ட அனுமதி இல்லை என்று ஒரு விதி போட்டால் போதும். இதை மறுக்க யாரிடமாவது காரணம் இருக்கிறதா?

9 ஆகஸ்ட், இரவு

என்னிடம் இருக்கிறது. வீட்டுப் பிளான் கீறிக் கொடுப்பது என் தொழில். சபையில் இழுபடும் பைல்களில் பலதும் காணியின் அளவால்தான் இழுபடுகின்றன.

விதியே இல்லை என்று நினைத்துப் பலர் பேசுகிறார்கள். இருக்கிறது. நகர அபிவிருத்தி அதிகார சபையின் எல்லைக்குள் வரும் இடங்களுக்கு 1986 இல் வந்த திட்டமிடல், கட்டட ஒழுங்குவிதிகள் வீட்டுத் துண்டுக்குக் குறைந்தது 150 சதுர மீற்றர் வேண்டும் என்றன. றோட்டுப் பக்க அகலம் குறைந்தது 6 மீற்றர். எல்லோர் வாயிலும் வரும் 'ஆறு பேர்ச்' அங்கிருந்து வந்ததுதான். அந்தத் துண்டிலும் 65 வீதத்துக்கு மேல் கட்டடம் மூடக்கூடாது. 2021 இல் புதிய விதிகள் வர்த்தமானியில் வந்துவிட்டன. பிளான் கொடுக்கப் போகிறவர்கள் பழைய போட்டோக்கொப்பியை நம்பாமல் புதியதைக் கேட்டு வாங்குங்கள்.

கேட்டவரிடம் என் கேள்வி இது. அந்தப் பதினொரு வீட்டுத் துண்டில், காணியைப் பிரிக்கச் சபையின் உட்பிரிவு அனுமதி எடுத்தவை எத்தனை? விசாரித்துச் சொல்லுங்கள். ஆறையே யாரும் மதிக்காத ஒழுங்கையில் பத்து என்று எழுதி ஒட்டினால் யார் மதிக்கப் போகிறார்கள்?

10 ஆகஸ்ட்

வெளிநாட்டிலிருந்து ஒருவர் பேர்ச் கணக்கு மறந்துவிட்டது என்கிறார். ஒரு பேர்ச் 272¼ சதுர அடி. 40 பேர்ச் ஒரு றூட், 160 பேர்ச் ஒரு ஏக்கர். ஆறு பேர்ச் என்றால் 1,633 சதுர அடி. 65 வீதம் மூடினால் கீழ்த்தளம் 1,060 சதுர அடி அளவில் வரும். இரண்டு அறை, ஹோல், குசினி, சாமியறை எல்லாம் அடங்கும். கார் நிறுத்த இடம் கேட்கும்போதுதான் புருஷன் பெண்சாதி சண்டை தொடங்கும், அதையும் நான்தான் மேசையின் இந்தப் பக்கம் இருந்து பார்க்க வேண்டும்.

10 ஆகஸ்ட், இரவு

சரி, காணி ஏன் துண்டாகிறது? தரகரைத் திட்டுகிறோம், வெளிநாட்டுக் காசைத் திட்டுகிறோம். நகருக்குள் என் மேசைக்கு வரும் துண்டாடலில் பெரும்பகுதி சீதனம். மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் தமிழர், முஸ்லிம் என்ற வேறுபாடில்லாமல் வீடு மகளுக்குத்தான். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். மூத்தவளுக்கு இருந்த வீட்டைக் கொடுத்துவிட்டுத் தாய் தகப்பன் அதே வளவின் பின்பக்கம் ஒரு சின்ன வீட்டுக்குப் போவார்கள். இளையவளுக்குக் கலியாணம் வந்தால் அதுவும் போகும், அவர்கள் இன்னும் பின்னுக்குப் போவார்கள். ஒரு வளவைப் பார்த்தே அந்தக் குடும்பத்தில் எத்தனை பெண் பிள்ளைகள் என்று சொல்லிவிடலாம்.

இப்போது ஒரு றூட் வளவை எடுங்கள். அம்மம்மாவுடைய காலத்தில் ஒரு வீடு, நாலைந்து தென்னை, ஒரு கிணறு. றோட்டோரம் 109 அடி அகலம், பின்பக்கமாக 100 அடி நீளம். பேத்திமார் ஆறு பேர். நடுவால் 10 அடியில் ஒரு ஒழுங்கை விட்டால் அதற்கு 1,000 சதுர அடி போகும், ஏறத்தாழ 3.7 பேர்ச். மிச்சம் 36.3 பேர்ச். ஆறாகப் பிரித்தால் ஆளுக்கு 6.05 பேர்ச். மயிரிழையில் விதிக்குள் அடங்குகிறது!

ஒழுங்கையை 20 அடியாக்கிப் பாருங்கள். 7.3 பேர்ச் பாதைக்குப் போய்விடும், ஆளுக்கு 5.4 தான் மிஞ்சும். விதி தோற்றுவிடும். அதனால் அளவையாளர் என்ன செய்கிறார்? ஆறு பேர்ச்சைக் காப்பாற்றப் பாதையை நெருக்குகிறார். துண்டின் அளவைக் கூட்டினால் நெருக்கடி குறையும் என்பவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். குடும்பத்துக்குத் தேவையான துண்டுகளின் எண்ணிக்கை மாறுவதில்லை. சபை எந்த அளவைப் பிடித்து இறுக்குகிறதோ, அது தவிர்ந்த எல்லாவற்றிலும் வெட்டு விழும்.

பத்துப் பேர்ச் விதி என்றால் அதே வளவில், அதே ஒழுங்கையோடு, மூன்று துண்டு. மிச்ச மூன்று பேத்திகளுக்குப் பதில் சொல்ல வேண்டியது சபையா, தகப்பனா?

12 ஆகஸ்ட்

'விதி இருந்தால் சனம் அடங்கும்' என்று ஒருவர். எப்படி அடங்குகிறது என்று சொல்கிறேன்.

ஆறுக்குக் குறைந்தால் உட்பிரிவுக்கு அனுமதி கிடையாது. ஆனால் பிரிபடாத பங்குக்கு நொத்தாரிசு உறுதி எழுதலாம், காணிப் பதிவகத்தில் பதியலாம். 'இன்ன எல்லைகளுக்குள் இருக்கும் காணியில் பிரிபடாத ஐந்தில் ஒரு பங்கு' என்று உறுதியில் நிற்கும். தரையில் மதில் நிற்கும். காகிதத்தில் ஐந்து பேருக்கும் ஒவ்வொரு மண்துகளிலும் பங்கு, நேரில் ஆளுக்கொரு கேற்.

என்னிடம் வந்த ஒரு தம்பதியின் கதை இது. இரண்டு பேரும் அரசாங்க உத்தியோகம், கடன் கட்டச் சம்பளம் உண்டு. உறுதி பிரிபடாத பங்கு. வங்கி கடன் தர மறுத்துவிட்டது, தனித் துண்டாக அளவைப் படம் கொண்டு வரச் சொன்னது. படம் வேண்டுமென்றால் உட்பிரிவு அனுமதி வேண்டும், துண்டோ ஐந்தே கால் பேர்ச். பிளானுக்கு மற்றப் பங்காளிகளின் சம்மதக் கடிதம் கேட்டார்கள். பங்காளி ஒருவர் சுவிசில். அவருக்கும் இவர்களுக்கும் பேச்சுவார்த்தை இல்லை, காரணம் ஒரு பலாமரம். கடைசியில் நகையை அடகு வைத்து, சீட்டுக் கட்டி, அனுமதி இல்லாமலே வீட்டை எழுப்பினார்கள். நான் கீறிய பிளான் மேசனின் கையில் மட்டும்தான் இருந்தது. அதனால் மலக்குழி எங்கே வருகிறது, பின்பக்கம் எவ்வளவு விடுகிறார்கள் என்று எந்த அதிகாரியும் வந்து பார்க்கவில்லை. சட்டத்துக்குள் இருந்திருந்தால் அதையாவது பார்த்திருப்பார்கள்.

இதற்கு 1977 ஆம் ஆண்டின் பிரிவிடல் சட்டத்தின் கீழ் வழக்கு வைக்கலாம் என்று ஒரு சட்டத்தரணி தம்பி எழுதியிருக்கிறார். வைக்கலாம் தம்பி. தீர்ப்பு வரும்போது கொள்ளுப்பேத்திக்குக் கலியாணப் பேச்சு நடக்கும்.

ஆக, குறைந்த அளவை ஆறிலிருந்து பத்தாக்கினால் இந்த வகை வீடுகள் கூடும். ஐந்து பேர்ச்சுக்காரர் மட்டும் இருந்த இடத்தில் ஒன்பது பேர்ச்சுக்காரரும் வந்து சேருவார்.

13 ஆகஸ்ட்

'பெண் பிள்ளைகளுக்குக் காணி கொடுக்கும் பழக்கத்தை விட்டால் பிரச்சினை தீரும்' என்று எழுதிய அண்ணனுக்கு: உங்கள் பெயரில் இருக்கும் வீடு யார் வழி வந்தது என்று முதலில் அண்ணியிடம் கேளுங்கள். பிறகு பேசுவோம்.

17 ஆகஸ்ட்

கிணற்றுக்கு வருகிறேன். கேட்டவர் வாடை என்றார், அதற்குள்தான் விஷயமே இருக்கிறது.

எழுவான்கரை முழுக்க மணல். வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் ஒடுக்கமான மணல்திட்டில் குடியிருக்கிறோம். மணல் தண்ணீரை வடிகட்டும், ஆனால் வேகமாக விட்டுவிடும். மாரியில் நிலத்தடி நீர் மேலே வந்து, சில வளவில் வாளியைக் கையால் விட்டே அள்ளலாம். அப்போது மலக்குழியின் அடியும் அதே தண்ணீருக்குள்தான் நிற்கிறது. வீட்டுக்கு வீடு கழிவுநீர்க் குழாய் இங்கே இல்லை, எல்லாம் குழிதான்.

கிணற்றுக்கும் குழிக்கும் 50 அடி வேண்டும் என்று பி.எச்.ஐ. மார், அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள், சொல்வார்கள். சென்ற வாரம் போட்ட ஆறு பேத்திகளின் துண்டை எடுங்கள். ஒவ்வொன்றும் ஒழுங்கையோரம் 33 அடி, பின்பக்கமாக 49½ அடி. எல்லையிலிருந்து 5 அடி தள்ளி முன்பக்கம் குழி, 5 அடி தள்ளிப் பின்பக்கம் கிணறு. நேர்க்கோட்டில் 39½ அடி. மூலைக்கு மூலை வைத்தாலும் 46 அடியைத் தாண்டாது. ஆகவே ஆறு பேர்ச்சில் கிணறு குடித்தால் விதி தோல்வி, ஒத்துக்கொள்கிறேன்.

அப்படியானால் பத்துப் பேர்ச் வெல்லுமா? சதுரமாகப் பத்துப் பேர்ச் எடுங்கள், பக்கத்துக்கு 52 அடி. முன்பின் நேராக வைத்தால் 42 அடி. மூலைக்கு மூலை 59 அடி வருகிறது, நல்லது. ஆனால் பக்கத்து வளவுக்காரரும் அதே போல வைத்தால் அவருடைய குழி உங்கள் கிணற்றிலிருந்து 43 அடியில். மணலுக்கு மதில் தெரியாது.

இப்போது 33 அடி அகலமும் 65 அடி நீளமும் உள்ள துண்டை எடுங்கள். எட்டுப் பேர்ச்சுக்குச் சற்றுக் குறைவு. எல்லோரும் ஒழுங்கைப் பக்கம் குழி, எல்லோரும் பின்வேலிப் பக்கம் கிணறு. உங்களுக்கு 55 அடி. பக்கத்து வீட்டுக் குழி அதைவிடத் தூரம். பின்வளவுக்காரரின் கிணறு உங்கள் கிணற்றோடு முதுகு காட்டி நிற்கும், எதிர்வீட்டுக் குழி உங்கள் குழியைப் பார்த்து நிற்கும். யாருக்கும் குறை இல்லை.

எட்டு வெல்கிறது, பத்து தோற்கிறது. பேர்ச்சை எண்ணுகிற விதி இதைக் காணவே காணாது. துண்டின் நீளமும் எது எந்தப் பக்கம் என்ற ஒழுங்கும்தான் கிணற்றைக் காக்கும். அதுவும் ஒரு ஒழுங்கையில் எல்லோரும் சேர்ந்து செய்தால்தான்.

18 ஆகஸ்ட்

எதிர்பார்த்தேன், வந்துவிட்டது: 'கிணறு ஈசான மூலையில்தானே வர வேண்டும்?'

வடக்கு தெற்காக ஓடும் ஒழுங்கையை நினையுங்கள். கிழக்குப் பக்க வளவுகளுக்கு ஈசான மூலை பின்வேலியில் வருகிறது. சாத்திரமும் சுகாதாரமும் ஒத்துப்போகின்றன. மேற்குப் பக்க வளவுகளுக்கு அதே மூலை ஒழுங்கையோரம். அங்கே கிணறு வெட்டினால் எதிர்வீட்டுக் குழிக்கும் அதற்கும் நடுவே 5 அடி, ஒழுங்கை 10 அடி, இன்னொரு 5 அடி. மொத்தம் 20. ஈசானன் காக்கலாம், குழி விடாது.

இதற்காகக் கிழக்கு மேற்கு ஒழுங்கை போட்டால் என்ன என்று உடனே கேட்பீர்கள். கீறிப் பார்த்துவிட்டேன். அங்கேயும் ஒரு வரிசைக்குச் சரி, மற்ற வரிசைக்கு இல்லை. சாத்திரக்காரர் ஒருவரோடு இதைக் கதைத்தபோது, குழாய் பைப்பை ஈசான மூலையில் வைத்தாலும் தோஷம் இல்லை என்றார். நல்ல மனுஷன். அவர் மகனுக்கும் ஆறு பேர்ச் வளவுதான்.

19 ஆகஸ்ட்

காத்தான்குடியில் இந்தச் சிக்கல் எப்படி என்று கேட்டார் ஒரு நானா. அங்கே பிளான் கீறும்போது மலசலகூடத்தின் கிண்ணம் தொழுகைத் திசையான கிப்லாவை நோக்கியோ முதுகு காட்டியோ வராமல் பார்க்க வேண்டும். அது கிண்ணத்தின் திசை மட்டும், குழியை எங்கே வேண்டுமானாலும் தள்ளலாம். எங்கள் ஆட்களை விட அந்த விஷயத்தில் உங்களோடு வேலை செய்வது லேசு.

ஆனால் காத்தான்குடியில் ஆறு பேர்ச் என்பதே பெரிய வளவு. 2012 கணக்கெடுப்பில் ஏறத்தாழ நாற்பதாயிரம் பேர் இருந்த ஊர், ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல், வடக்கும் தெற்கும் வேறு ஊர்கள். பக்கவாட்டில் வளர இடமில்லாததால் மேலே வளர்கிறார்கள். கீழ்வீடு மூத்தவளுக்கு, மேல்வீடு இளையவளுக்கு. நல்ல தீர்வுதான், நிலமும் மிச்சம். உறுதி எழுதப் போகும்போது இடிக்கும். மேல்மாடிக்குத் தனி உரித்து வேண்டுமென்றால் 1973 ஆம் ஆண்டின் அடுக்குமாடி உடைமைச் சட்டப்படி கொண்டமினியம் படம் பதிய வேண்டும். இரண்டு சகோதரிகளின் இரண்டு மாடி வீட்டுக்கு அந்தச் செலவும் அலைச்சலும் யார் படுவார்? அங்கேயும் பிரிபடாத பங்குதான், இந்த முறை படிக்கட்டோடு.

சபைகள் ஏதாவது புதிதாகச் செய்ய விரும்பினால் இங்கே கை வைக்கலாம். இரண்டு வீட்டு மாடிக்கு இலேசான ஒரு வழி இருந்தால், வளவை வெட்டாமலே சீதனம் கொடுக்க நிறையப் பேர் தயார். மாமியாரைக் கீழ்வீட்டிலும் விடலாம், மேல்வீட்டிலும் விடலாம், தெரிவு கூடுகிறது.

24 ஆகஸ்ட்

ரொறன்ரோவிலிருந்து ஒருவர்: 'இங்கெல்லாம் பெரிய பெரிய லொட். நாம் ஏன் சுருங்க வேண்டும்?'

வட அமெரிக்காவிலேயே சுருங்கிய ஊர் இருக்கிறது. ஹூஸ்டன் நகரம் 1998 இல், 610 சுற்றுவீதிக்கு உட்பட்ட பகுதியில், வீட்டுத் துண்டின் குறைந்த அளவை 5,000 சதுர அடியிலிருந்து சில நிபந்தனைகளோடு 1,400 ஆக இறக்கியது. நம் கணக்கில் பதினெட்டுப் பேர்ச்சிலிருந்து ஐந்துக்கு. 2013 இல் அதை நகர் முழுவதற்கும் விரித்தார்கள். பழைய தனிவீடு ஒன்று நின்ற இடத்தில் இரண்டு மூன்று ஒடுக்கமான மாடி வீடுகள் வந்தன. வேண்டாம் என்ற தெருக்காரர்கள் மனுக் கொடுத்துத் தங்கள் தெருவுக்குப் பழைய அளவை வைத்துக்கொள்ளவும் வழி இருந்தது.

இதைக் காட்டி 'பார்த்தீர்களா, நாங்களும் ஐந்துக்கு இறக்குவோம்' என்று துள்ள வேண்டாம். அங்கே நிலத்துக்கு அடியில் கழிவுநீர்க் குழாய் இருந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் குழி வெட்டியிருந்தால் அவர்களாலும் ஐந்து பேர்ச்சுக்கு வந்திருக்க முடியாது.

24 ஆகஸ்ட், பின்னேரம்

மேலே விட்டுப்போனது. பெரிய துண்டு கட்டாயம் என்றால் ஊர் எங்கே போகும்? கிழக்கே கடல். சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரையில் 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று அறிவித்து, 2005 கடைசியில் தளர்த்தினார்கள். ஆனால் பயந்தவர்கள் அதற்கு முன்பே உள்ளே வந்துவிட்டார்கள், அந்த ஒரு வருடத்தில் நகருக்குள் வளவு வெட்டியதை என் வயதுக்காரர் மறந்திருக்க மாட்டார்கள். வடக்கே சத்துருக்கொண்டான், திராய்மடு. மேற்கே வாவி தாண்டினால் படுவான்கரை, வயல். வயலை நிரப்ப 2000 ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டப்படி ஆணையாளர் நாயகத்தின் அனுமதி வேண்டும். நகருக்குள் பத்துப் பேர்ச் என்று இறுக்கினால் வயலோரத்தில் கிறவல் லொறி ஓடும். அனுமதியோடா என்று நான் சொல்லத் தேவையில்லை.

பேர்ச் ஐந்து லட்சம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆறுக்குப் பதில் பத்து வாங்க வேண்டுமென்றால் கூடுதல் இருபது லட்சம், வீட்டுக்கு ஒரு கல் வைக்கும் முன்னே. அந்த இருபது லட்சம் இல்லாதவர்தான் ஆகத் தாழ்ந்த இடத்தில், ஆக மலிந்த காணியில் போய்க் குடியேறுவார்.

2 செப்டெம்பர்

காணி வெட்டி விற்பவர்களைப் பற்றி இவ்வளவு நாளும் பேசவில்லை என்று குறைப்படுகிறார்கள். சுருக்கமாக: 1986 விதிகளில் ஒரு ஹெக்டயருக்கு மேற்பட்ட காணியைத் துண்டாடினால், பாதைகள் தவிர்ந்த பகுதியில் குறைந்தது பத்தில் ஒரு பங்கைப் பொதுத் தேவைக்கும் விளையாட்டுக்கும் விட வேண்டும் என்று இருந்தது. ஒரு ஹெக்டயர் ஏறத்தாழ 395 பேர்ச், இரண்டரை ஏக்கருக்குச் சற்றுக் கீழே. நாலு ஏக்கர் ஆறு ஏக்கர் காணிகள் எப்படி இரண்டிரண்டு ஏக்கராக வேறு வேறு பெயரில் விற்பனைக்கு வருகின்றன என்று யோசியுங்கள். அவர்கள் துண்டுகள் எல்லாம் பத்துப் பேர்ச்தான், பன்னிரண்டும் உண்டு. கேள்வி கேட்டவரின் விதியில் முழுப் புள்ளி. பிள்ளைகளுக்கு ஒரு பந்து அடிக்க இடம் இல்லை, வடிகானின் மறுமுனை எங்கேயும் சேராது.

7 செப்டெம்பர்

நாவிதன்வெளிப் பக்கமிருந்து ஒருவர் பேர்மிட் காணி, அதாவது அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி, பற்றிக் கேட்கிறார். அது வேறு உலகம். 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில் வந்த காணிகளை நினைத்தபடி உடைக்க முடியாது. அளிப்புப் பத்திரத்தில் எவ்வளவுக்குக் கீழே பிரிக்கக்கூடாது என்று அலகு குறிக்கப்பட்டிருக்கும், அதைப் பார்த்துவிட்டுப் பிரதேச செயலகத்துக்குப் போங்கள். பின்னுரித்தாளர் நியமிக்காமல் ஒருவர் இறந்தால் ஆண் பிள்ளைக்கு முன்னுரிமை என்று நீண்ட காலம் இருந்தது. வீட்டை மகளுக்குக் கொடுக்கிற எங்கள் பக்கத்தில் அது எத்தனை சகோதரச் சண்டையை மூட்டியது! 2022 திருத்தத்தில் அந்த ஆண் முன்னுரிமையை எடுத்தார்கள். பெயர் பதியாதவர்கள் இனியாவது பதிந்துவிடுங்கள்.

14 செப்டெம்பர்

முதலில் கேட்டவர் விசாரித்துச் சொல்லியிருக்கிறார். பதினொன்றில் உட்பிரிவு அனுமதி எடுத்தவை மூன்று. மிச்சம் எட்டும் பங்கு உறுதி. ஒழுங்கை 8 அடி, ஓரிடத்தில் அதற்கும் குறைவு. குழி இறைக்கும் பவுசர் உள்ளே வராது, குழாய் நீட்டினாலும் கடைசி நாலு வீட்டுக்கு எட்டாது. அதனால் அந்த நாலு வீட்டுக் குழியும் இறைக்கப்பட்டதே இல்லை.

வாடைக்குக் காரணம் இதுதான். வளவுகள் ஐந்து பேர்ச், ஏழு பேர்ச் என்று இருக்கின்றன. பத்தாக இருந்து ஒழுங்கை இதே எட்டடியாக இருந்திருந்தாலும் பவுசர் வந்திருக்காது.

இதைக் கேட்ட பிறகு என் பக்கத்தையும் கொஞ்சம் நகர்த்துகிறேன். ஆறு எல்லா இடத்துக்கும் போதும் என்று நான் பிடிக்கவில்லை. உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் வவுணதீவில் சுத்தமாகிக் குழாயில் வரும் வீடுகளுக்கு ஆறு போதும், பாதை 15 அடிக்குக் குறையாமல், குழி ஒழுங்கையோரம் இருந்தால். குழாய் வராத இடத்தில், கிணற்றைக் குடிக்கிற இடத்தில், பின்வேலி வரை 65 அடி நீளம் கட்டாயம். பேர்ச் எவ்வளவு வந்தாலும் வரட்டும். குழாய் போகும் நாளில் அந்த விதி தானாக இறங்கலாம். பங்கு உறுதி வீடுகளுக்கும் ஒரு வழி திறக்க வேண்டும்: ஒழுங்கையை அகலமாக்க ஆளுக்கு இரண்டடி விட்டுக் கொடுத்தால், துண்டு ஐந்தாக இருந்தாலும் தனிப் படம் பதிய விடுங்கள். சட்டத்தில் அதற்கு இடம் தேட வேண்டும், ஆனால் சனம் ஒரு தடவையாவது சபையைத் தேடி வரும்.

15 செப்டெம்பர்

'ஆளுக்கு இரண்டடி விடுவதா, எங்கள் பக்கத்திலா?' என்று மூன்று பேர் சிரித்திருக்கிறார்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் எழுதினேன். ஆனால் மதிலை உடைக்காமல் வங்கிக் கடன் கிடைக்காது என்றால் மனிதர்கள் அளவுநாடாவோடு வருவார்கள். பாசத்தால் வராதவர்கள் வட்டிக்காக வருவார்கள்.

2 நவம்பர்

மழை தொடங்குகிறது. இன்னொரு விஷயம், இது அளவோடு சம்பந்தமில்லாதது போலத் தெரியும். புதிதாகக் கட்டுகிற ஒவ்வொருவரும் வளவுக்குக் கிறவல் போட்டு பக்கத்து வளவை விட ஒரு அடி உயர்த்துகிறார்கள். அடுத்தவர் அதைவிட அரை அடி. ஒழுங்கை மட்டும் பழைய உயரத்தில் கிடக்கிறது, கிடுகு வேலிக் காலத்து வீடு ஒன்று இருந்தால் அதுவும். 2024 நவம்பர் மழையில் எந்த வீட்டுக்குள் தண்ணீர் போனது என்று பாருங்கள். ஆகப் பெரிய வளவுள்ள பழைய வீடுகளுக்குள்தான். இருபது பேர்ச் இருந்து என்ன பலன், சுற்றியிருக்கும் எல்லோருடைய தண்ணீரும் அந்த முற்றத்துக்கே வந்தால்? ஒரு ஒழுங்கைக்கு ஒரே தரை மட்டம் என்று பிளானில் எழுதிக் கையெழுத்து வாங்குவது சபைக்குச் செலவில்லாத வேலை. நான் கீறும் படங்களில் இப்போது ஒழுங்கையின் மட்டத்தையும் குறிக்கிறேன். யாரும் கேட்பதில்லை, குறித்து வைத்தால் நாளைக்குச் சண்டை வரும்போது உதவும்.

3 நவம்பர்

திருப்பெருந்துறையில் ஏழு பேர்ச் பார்க்கிறேன், வாங்கலாமா என்று கேட்ட தங்கச்சிக்கு: உறுதியில் 'பிரிபடாத' என்ற சொல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் விலையில் பேரம் பேச வேண்டாம், எழும்பி வந்துவிடுங்கள். இல்லையென்றால் படத்தில் சபையின் உட்பிரிவு முத்திரை இருக்கிறதா, ஒழுங்கை படத்தில் எத்தனை அடி, நேரில் எத்தனை அடி. அப்புறம் பக்கத்து வளவு மதிலுக்கு மேலால் எட்டி, அவர்களுடைய குழி எங்கே என்று கேளுங்கள். வெட்கப்பட வேண்டாம், நாளைக்கு நீங்கள் குடிக்கப் போவது அவர்களுக்குப் பக்கத்துத் தண்ணீரைத்தான். மாரி நடுவில் ஒரு தடவை போய் நின்று பார்த்துவிட்டுக் காசு கட்டுங்கள், தரகர் அவசரப்படுத்தினாலும்.

9 நவம்பர்

முதலில் கேட்டவர் தொலைபேசியில் பேசினார். ஒழுங்கைக்காரர்களைக் கோயிலடியில் கூட்டியிருக்கிறார். பதினொரு வீட்டில் ஏழு பேர் இரண்டடி விடச் சம்மதம். இரண்டு பேர் யோசித்துச் சொல்கிறார்களாம். மிச்சம் இரண்டு வளவின் பங்காளிகள் கனடாவில். அவர்களிடம் அற்றோணித் தத்துவம், அதாவது அவர்கள் சார்பில் கையெழுத்து வைக்கும் அதிகாரம், கேட்டு எழுதச் சொல்லியிருக்கிறேன். அது வந்தால் அளவையாளரைக் கூட்டிக்கொண்டு போகிறேன். பத்துப் பேர்ச் விதி பற்றி அவர் இந்தத் தடவை ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.